டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையைத் தட்டிப் பாருங்கள்: சென்னை வீட்டுக்கு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மத்தியானம், மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் குக்கர் வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் டி.வி. ஸ்டாண்டுக்கு முன்னால் ஐந்து டைல்ஸ் கூடாரம் அடித்த மாதிரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எழும்பி நிற்கின்றன. அம்மா நிலநடுக்கம் என்றே முடிவு கட்டிவிட்டார். எழும்பிய டைல்ஸில் ஒன்றைத் தூக்கித் திருப்பினேன். முதுகு கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளிச்சென்று இருந்தது, சிமெண்ட் ஒட்டிய தடம் கூட இல்லை. அதாவது ஆறு வருடமாக அந்த டைல்ஸ் ஒட்டாமலேதான் அங்கே படுத்திருந்திருக்கிறது, நாங்களும் அதன் மேல் நடந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடு, நண்பர் வீடு என்று பதினோரு வீட்டு டைல்ஸ் வேலையைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன், இரண்டு வீட்டில் நானே முட்டி போட்டு ஒட்டியும் இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் நிறமும் டிசைனும் பார்ப்பதில் ஒரு மாதம் செலவழிக்கிறார்கள், அடியில் என்ன போகிறது என்பதை ஐந்து நிமிஷம் கூடப் பார்ப்பதில்லை. கெடுவது எப்போதும் அடியில்தான். அதனால் இந்த வழிகாட்டியும் கடையில் ஆரம்பிக்காமல் தரையில் ஆரம்பிக்கிறது.

தரை

தரைத்தளமா, மாடியா என்று முதலில் பாருங்கள். மாடி என்றால் கீழே கான்கிரீட் தளம் இருக்கிறது, பெரிய கவலை இல்லை. தரைத்தளம் என்றால், முக்கியமாக வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் ஏரியையும் சதுப்பையும் ஒட்டி மண் அடித்து மேடாக்கிய மனைகளில், பேஸ்மெண்டுக்குள் கொட்டிய மண் சரியாக இறுகியதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கியிருக்க வேண்டும். ஒரே மூச்சில் மூன்றடி கொட்டி மேலே தண்ணீர் தெளித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மண் கீழே இறங்கும், அதன் மேல் போட்ட பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட் தளம்) அந்தரத்தில் நிற்கும், பிறகு டைல்ஸ் நீளமாக ஒரு கோடு போல விரியும். புது வீடு கட்டுபவர்கள் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டவிட்டு டைல்ஸ் போட முடிந்தால் போடுங்கள். எல்லோராலும் முடியாது, தெரியும். பி.சி.சி.யாவது 3 முதல் 4 இஞ்ச் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அடுத்து ஓதம். ஒரு சதுர மீட்டர் பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஷீட்டின் அடியில் வேர்த்திருந்தால் தரை இன்னும் ஈரம் என்று அர்த்தம். காயவிடுங்கள், அல்லது ஓதம் தடுக்கும் கோட்டிங் அடியுங்கள்.

பிறகு ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் 'டக்' என்று அடங்கிய சத்தம் தரும், பொள்ளலான இடம் 'டொக்' என்று பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். பொள்ளலை வெட்டி எடுத்துத் திரும்பப் பூசாமல் மேலே எதையும் ஒட்டாதீர்கள். பெயிண்ட், எண்ணெய், பிளாஸ்டர் சிதறல் எல்லாவற்றையும் சுரண்டுங்கள். வழவழவென்று தேய்த்த சிமெண்ட் தரையாக இருந்தால் கொத்திவிட்டாக வேண்டும். இந்தக் கொத்துவேலையைத்தான் எல்லா மேஸ்திரியும் "அதெல்லாம் பிடிச்சுக்கும் சார்" என்று தாண்டப் பார்ப்பார்கள். பிடிக்காது.

பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பழையது கெட்டியாக இருந்தால் ஒட்டலாம், அதற்கென்றே 'டைல் ஆன் டைல்' என்று எழுதிய பசை வருகிறது. ஆனால் தரை ஏறக்குறைய அரை இஞ்ச் உயரும், எல்லாக் கதவையும் அடியில் சீவ வேண்டும், பாத்ரூம் வாசலில் கணக்கு இடிக்கும். ஃபிளாட்டில் இடித்து எடுப்பதன் சத்தத்தையும் குப்பையையும் நினைத்தால் பல நேரம் இதுதான் புத்திசாலித்தனம்.

கடையில்

சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பத்து கடை ஏறி இறங்கினால் பத்து கடைக்காரர்களும் பத்து பெயர் சொல்வார்கள். பெரும்பாலான சரக்கு குஜராத் மோர்பியிலிருந்து வருகிறது, பெயர்களில் மயங்க வேண்டாம். செராமிக் தண்ணீரை உறிஞ்சும், சுவருக்கு நல்லது. விட்ரிஃபைடு ஏறக்குறைய உறிஞ்சாது, நீர் உறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் கீழே. இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், பசை பற்றிப் பேசும்போது திரும்ப வரும். விட்ரிஃபைடிலேயே டபுள் சார்ஜ் என்பதில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், கீறல் அவ்வளவாகத் தெரியாது. ஜி.வி.டி. என்பதில் படம் மேலே அச்சடித்து கிளேஸ் போட்டது, மார்பிள் மாதிரி, மரம் மாதிரி எல்லாம் அதில்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வீட்டுக்குள் கடல் மணல் வராத நாளே கிடையாது, அங்கே வாசல் ஹாலுக்குப் பளபள ஜி.வி.டி. வாங்கினால் ஒரே வருடத்தில் நடைபாதை மங்கலாகத் தெரியும்.

வாங்கும் முன் இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து அழுத்துங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் வளைவு இருக்கிறது. நீளமான டைல்ஸில், குறிப்பாக 4க்கு 2 அடியிலும் மரப்பலகை டிசைனிலும், கொஞ்சம் வளைவு இருந்தே தீரும். அதனால்தான் அவற்றைச் செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி மாற்றிப் போடக் கூடாது, ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதி பக்கத்தின் தாழ்ந்த நுனியோடு வந்து காலில் இடிக்கும். மூன்றில் ஒரு பங்கு மாற்றிப் போடுங்கள். பாத்ரூமுக்கும் பால்கனிக்கும் மேட் ஃபினிஷ், ஆர் 10 அல்லது ஆர் 11 என்ற வழுக்காத தரம். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இதில் சிக்கனம் வேண்டாம்.

பெட்டிக் கணக்கு

2க்கு 2 டைல்ஸ் என்றால் 4 சதுர அடி, நாலு டைல்ஸ் பெட்டி 16 சதுர அடி என்றுதான் எல்லோரும் மனக்கணக்கு போடுகிறோம். உண்மையில் அது 600க்கு 600 மில்லி, 2 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்கு 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடிதான். 10க்கு 12 அறையை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி, அதோடு கட்டிங், உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 132. 15.5ஆல் வகுத்தால் எட்டரை, ஆக 9 பெட்டி. அதே டைல்ஸிலேயே 4 இஞ்ச் ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் ஒட்டும் பட்டை, வெட்டுவதென்றால், சுற்றளவு 44 அடியில் கதவு 3 அடி போக 41 அடி. ஒரு டைல்ஸில் ஆறு பட்டை, கிட்டத்தட்ட 12 அடி கிடைக்கும். நாலு டைல்ஸ் வேண்டும். இப்போது 10 பெட்டி. கடைக்காரர் எட்டு போதும் என்பார், பிறகு பற்றாத இரண்டு பெட்டிக்கு அலையும்போது அதே பேட்ச் இருக்காது.

பேட்ச் என்றேன். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் அச்சடித்திருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் மட்டுமல்ல, அளவும் ஒரு மில்லி முன்னே பின்னே போகும், பத்து டைல்ஸ் தாண்டுவதற்குள் கோடு ஓடிவிடும்.

மட்டமும் நூலும்

வீடு முழுக்க ஒரே உயரத்தில் சுவரில் மட்டக்கோடு அடிப்பதுதான் முதல் நாள் வேலை. தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவலில் அடிக்கலாம், குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதைப் போல நம்பகமானது எதுவும் இல்லை. லேசர் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்துகொண்டே போனால் தரையில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். மிக உயர்ந்த இடம், வாசற்படி, கதவின் அடிப்பகுதி இந்த மூன்றையும் வைத்துத்தான் டைல்ஸ் மேல்மட்டத்தை முடிவு செய்ய வேண்டும். பிறகு ஆங்காங்கே அந்த உயரத்துக்கு மட்டப் பொட்டு வையுங்கள், புல்மார்க் என்பார்கள்.

அறை சதுரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு மூலையில் நெடுக்கே 3 அடி, குறுக்கே 4 அடி குறித்தால் இரண்டு புள்ளிக்கும் இடையே சரியாக 5 அடி வர வேண்டும். பெரிய ஹாலில் 6, 8, 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் சுவரை ஒட்டி நூல் பிடிக்கக் கூடாது, வாசலில் நின்றால் கண்ணில் படும் கோட்டை நேராக வைத்துக்கொண்டு கோணலைக் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ தள்ளிவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் இரண்டு திசையிலும் ஒரு வரிசை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். கடைசியில் இரண்டு இஞ்ச் சீவல் வருகிறதா, ஆரம்பத்தை நகர்த்தி இரு பக்கமும் பாதிக்குக் குறையாத துண்டு வரும்படி செய்யுங்கள். மேஸ்திரி ஈசானிய மூலையில் முதல் டைல்ஸுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் ஆரம்பிப்பேன் என்றால் தாராளமாக வைக்கட்டும், கற்பூரமும் காட்டட்டும். நூல் மட்டும் வாசலிலிருந்து வரட்டும்.

கலவையா, பசையா

எங்கள் வீட்டு ஹால் கெட்டது இந்த இடத்தில்தான். இன்றைக்கும் சென்னையில் வழக்கமான முறை இது: ஒன்றுக்கு ஆறு சிமெண்ட் மணல் கலவையை ஈரம் குறைவாகப் பிசைந்து ஒன்றரை, இரண்டு இஞ்ச் விரித்து, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி மட்டம் சேர்ப்பது. தளம் மேடும் பள்ளமுமாக இருக்கும் நம் வீடுகளுக்கு வசதியான முறைதான். பழைய மொசைக் கல்லுக்கும், கோட்டா கல்லுக்கும், கடப்பா கல்லுக்கும் இது அருமையாக ஒத்துவந்தது, ஏனென்றால் அவை கொஞ்சம் உறிஞ்சும், சிமெண்ட் பால் நுண்துளைக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு உறிஞ்சாது என்று மேலே சொன்னேனே, அங்கேதான் சிக்கல். சிமெண்ட் பால் காய்ந்து சுருங்கியதும் டைல்ஸ் சும்மா அதன் மேல் உட்கார்ந்திருக்கும்.

விட்ரிஃபைடுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் கலவைத் தளம் மட்டும் போட்டு மட்டப்பலகையால் இழுத்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் கட்டிக் காயவிடுங்கள். அப்புறம் அதன் மேல் டைல்ஸ் பசை. பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் அதோடு டைப் எண்ணும் இருக்கும், டைப் 1 சாதாரண செராமிக்குக்கு, பெரிய விட்ரிஃபைடுக்கு டைப் 2 அல்லது அதற்கு மேல். 20 கிலோ மூட்டை 3 மில்லி கனத்தில் ஏறக்குறைய 50 சதுர அடி வரும், தளம் மட்டமில்லாமல் 6 மில்லி ஆனால் 25தான். தளத்தை ஒழுங்காகப் போட்டவருக்கு பசைக் காசு பாதியாகிறது. செலவு கட்டாது என்பவர்கள் பழைய முறையிலேயே போட்டாலும், வெறும் சிமெண்ட் பாலுக்குப் பதிலாக டைல்ஸின் முதுகிலாவது மெல்லிசாகப் பசை தடவி வைக்கச் சொல்லுங்கள். முழு மருந்து இல்லை, ஆனால் பிடிப்பில் நல்ல வித்தியாசம்.

பசையைக் குழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மிக்ஸர் கட்டையை டிரில்லில் மாட்டிக் கட்டியில்லாமல் கலக்கி, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்குங்கள். அதன் பிறகு தண்ணீர் ஊற்றவே கூடாது. பக்கெட்டில் இறுகிவிட்டதா, கொட்டுங்கள். தரையில் பல் கரண்டியை ஒரே திசையில் இழுங்கள், வட்டமாகச் சுற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். டைல்ஸின் முதுகில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கும், அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு மெல்லிய பூச்சு. வைத்து, பல் கோடுகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டி அழுத்தினால் கோடுகள் சரிந்து நிரம்பும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அடுத்த மாதம் கேஸ் சிலிண்டர் உருட்டும்போது மூலை விரியும்.

மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி வேலை செய்யுங்கள். ஏப்ரல், மே வெயிலில் விரித்த பசை சீக்கிரமே தோல் கட்டிவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை என்றால் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். ஒரு தடவைக்கு மூன்று, நாலு டைல்ஸ் அளவுக்கு மேல் விரிக்காதீர்கள். முதல் வரிசையில் இப்போதுதான் வைத்த ஒரு டைல்ஸைக் கரண்டி கொடுத்து நெம்பி எடுத்து முதுகைப் பாருங்கள். வீட்டுக்காரர் நீங்கள் என்றால் இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். உள்ளறையில் எண்பது சதவீதமாவது, ஈரம் படும் இடத்தில் தொண்ணூற்றைந்தாவது பசை பட்டிருக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும், எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரே ஒரு டைல்ஸைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதுமாக இருந்தது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு கரிக்கும். அதில் கலவை பிசைந்தால் டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட் கோடுகளில் வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருக்கும், எத்தனை துடைத்தாலும் திரும்ப வரும். கலவைக்கும் கிரவுட்டுக்கும் மட்டுமாவது மெட்ரோ வாட்டர் பிடித்து வையுங்கள்.

கேப் விடுவது

"கேப் விட்டா அழுக்கு சேரும் சார், ஒட்டியே போட்டுடலாம், ஒரே கல் மாதிரி இருக்கும்." இதை எங்கள் மேஸ்திரி சொன்னபோது நானும் தலையாட்டினேன். டைல்ஸ் வெயிலில் விரியும், கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும், இரண்டும் சேர்ந்து டைல்ஸை நெருக்கும். போக இடம் இல்லாவிட்டால் மேலேதான் எழும்பும், அதுவும் அடியில் பிடிப்பும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். டைல்ஸுக்கு டைல்ஸ் 2 முதல் 3 மில்லி இடைவெளி, அது மாறாமல் இருக்க நடுவில் ஸ்பேசர் துண்டு. சுவரை ஒட்டி 6, 8 மில்லி விடுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும், ஆனால் அதற்குள் கலவை அடைக்கக் கூடாது. பெரிய ஹாலில் 20, 25 அடிக்கு ஒன்று, வெயில் படும் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் 8 முதல் 12 அடிக்கு ஒன்று என்று கிரவுட்டுக்குப் பதில் சிலிகான் அல்லது பி.யு. (பாலியூரிதேன்) சீலண்ட் நிரப்பிய இளகும் ஜாயிண்ட் வேண்டும். கட்டடத்திலேயே விரிவு ஜாயிண்ட் (எக்ஸ்பேன்ஷன் ஜாயிண்ட்) இருந்தால் டைல்ஸையும் அதே கோட்டில் வெட்டி விடுங்கள், மேலே மூடி ஒட்டினால் அதே கோட்டில் உடையும்.

மட்டம் சேர்க்க லெவலிங் கிளிப்பும் ஆப்பும் வந்துவிட்டன, பெரிய டைல்ஸுக்குக் கட்டாயம். ஆனால் அவை வளைந்த டைல்ஸையோ கெட்ட தளத்தையோ திருத்தாது. இறுக்கிப் பிடித்தால் பசை காய்ந்த பிறகு கிளிப்பை உடைக்கும்போது டைல்ஸ் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும்.

பாத்ரூம்

வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்து, தரையோடு சேர்த்து சுவரில் ஒரு அடி ஏற்றி, மூலைகளில் வலை ஒட்டி, காய்ந்த பிறகு நஹானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் போகும் வாயை) அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது விடுங்கள், 48 என்றால் இன்னும் நல்லது. கீழ்வீட்டுக்காரர் சீலிங்கைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் டைல்ஸ். தண்ணீர் ஓடும் வாட்டம் 80க்கு 1, அதாவது 5 அடி நீளத்துக்கு முக்கால் இஞ்ச். வாசலில் வெளித்தரையை விட அரை இஞ்ச்சாவது கீழே தொடங்குங்கள். நாலு பக்கமும் ட்ராப்பை நோக்கிச் சரிய வேண்டுமென்றால் பெரிய டைல்ஸ் வளையாது, 1க்கு 1 அடியே சரி. போட்டு முடித்ததும் ஒரு குவளை தண்ணீரை வாசலருகே ஊற்றி அது எங்கே போகிறது என்று நின்று பாருங்கள், தேங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள்.

கிரவுட், காத்திருப்பு, கூலி

ஒட்டி ஒரு நாள் கழித்துத்தான் கிரவுட். ஜாயிண்டுக்குள் பிதுங்கிய பசையை அன்றன்றைக்கே கம்பியால் கீறி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரவுட் மேலோட்டமாக நின்று உதிரும். ஹாலுக்கு சிமெண்ட் கிரவுட் போதும், பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் எபாக்ஸி, அதாவது பிசினும் இறுக்கியும் கலந்து போடும் கிரவுட். எபாக்ஸி பிசைந்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், சின்னச் சின்னதாகக் கலந்து உடனுக்குடன் துடைக்க வேண்டும். மறுநாள் துடைக்கலாம் என்று விட்ட டைல்ஸில் படிந்த பிசுக்கை எடுக்க ஒரு வாரம் ஆகும். வெள்ளை சிமெண்டைக் கரைத்து ஊற்றுவது பழைய கதை, ஆறு மாதத்தில் கறுத்துவிடும். நடப்பதற்கு ஒரு நாள், பீரோ நகர்த்த ஒரு வாரம். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், சிமெண்ட் கிரவுட்டை அது தின்றுவிடும்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: கிரைண்டரில் உலர்ந்து வெட்டாதீர்கள், வெட்டியே ஆக வேண்டும் என்றால் நல்ல மாஸ்க் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலை விட்டு வெளியே வராது. தண்ணீர் ஊற்றி வெட்டும்போது மிஷினுக்கு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைன்தானா என்று பாருங்கள். முழங்கால் பேடு வாங்குங்கள், நாற்பது வயதில் புரியும்.

கூலி பேசும்போது சதுர அடி ரேட்டோடு நிறுத்தாமல் ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடியா (நீளக் கணக்கா), படிக்கட்டு விளிம்பு உருட்டுவது தனியா, எபாக்ஸி யார் கணக்கு, இடித்த குப்பையை யார் இறக்கி எங்கே கொட்டுவது, லிஃப்டில் மணல் மூட்டை ஏற்ற அசோசியேஷன் விடுமா என்பதை எல்லாம் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையை ஒரு வாரம் கழித்து, மரக்கட்டையால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். பொள்ளலாக ஒலிப்பதைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தால் பேச்சு சுலபமாக முடியும்.

மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியைப் பரணில் போடுங்கள், பெட்டியின் பக்கவாட்டு எண்ணை போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. டி.வி. ஸ்டாண்டுக்கு முன்னால் மாற்றிய ஐந்தும் மற்றவற்றை விட ஒரு சாயல் மஞ்சள். அதை மறைக்க அம்மா விரித்த ஜமுக்காளம் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.